கண்டம் என்றால் கழுத்து

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் அவர் சீனி வருத்தம், பிரஷர், நடைப்பயிற்சி பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். செயற்குழுவும் அதைத்தான் கேட்டது. காலையில் நடவுங்கோ, உப்பைக் குறையுங்கோ. அந்தப் பேச்சு இத்துடன் முடிந்தது. எங்கள் வகுப்பு கூடிக் கதைத்ததில், இன்று ஒரு சித்திரக் கொப்பியைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானமானது. ஒலிவாங்கிக்கு முன் நிற்பது ஒருவர்தான். பேசுவது நாங்கள்.

1990ஆம் ஆண்டு நாங்கள் ஆறாம் ஆண்டில் இருந்தோம். மார்ச் மாதக் கடைசியில் இந்திய இராணுவம் போய்விட்டது. யூன் மாதத்தில் மறுபடி சண்டை தொடங்கியது. இடையில் இருந்த அந்த இரண்டரை மாதத்தை எங்கள் வயதுக்காரர் ஒருவரும் மறக்கமாட்டார்கள். பங்கருக்குள் ஓடாமல் பாடம் நடந்த காலம் அது. அந்த இடைவெளியில்தான் எங்கள் சித்திர ரீச்சர் எங்களை வரிசையாக நிறுத்தி, கொப்பியும் பென்சிலும் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் கல்லூரிக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். முன்வீதியில் பிள்ளையார் கோயில், பக்கத்தில் மிஷன் தேவாலயம், கொஞ்சம் எட்டப் போனால் மாதா கோயில். எல்லாம் நாங்கள் தினமும் கண்ட கட்டடங்கள். ரீச்சர் கேட்ட முதற் கேள்விக்கு முப்பத்தாறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

“உச்சியிலை நிக்கிற கலசத்துக்குக் கீழை, உருண்டையாய் இருக்கிற பாகத்துக்கு என்ன பேர்?”

“கோபுரம் ரீச்சர்!”

“கோபுரம் வாசலிலை நிக்கிறது. சுவாமிக்கு மேலை நிக்கிறது விமானம். வாசலையும் வீட்டையும் ஒரே பேரிலை கூப்பிடுவியளோ?”

இன்றைக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் ‘கோபுரம்’ என்று யாராவது எழுதினால் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் உடனே ஒருவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்புவார். 1010இல் இராஜராஜன் கட்டி முடித்த அந்தப் பேருயரம் விமானம். அதற்கு முன்னால் வாசலில் நிற்கும் உயரம் குறைந்தவைதான் கோபுரங்கள்.

ரீச்சர் சொல்லித்தந்த முறை எளிமையானது. சிற்ப நூல்கள் விமானத்தை ஆறு அங்கமாகப் பிரிக்கின்றன. கீழே இருந்து மேலே: அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி. இதைப் பாடமாக்க வேண்டாம், எழும்பி நில்லுங்கோ என்றார். அதிட்டானம் என்று சொல்லிப் பாதத்தைத் தொடவேண்டும். சுவருக்குக் கால், பிரஸ்தரத்துக்குத் தோள், கண்டத்துக்குக் கழுத்து, சிகரத்துக்குத் தலை. தூபிக்கு உச்சிக் குடுமி. கோயில் வீதியில் முப்பத்தாறு பிள்ளைகள் பாதத்தையும் தோளையும் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து ஐயர் வெளியே வந்து, “என்ன, ட்றில்லோ?” என்று கேட்டார். சிகரம் சதுரமாக இருந்தால் நாகரம், எட்டுப் பட்டையாக இருந்தால் திராவிடம், வட்டமாக இருந்தால் வேசரம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. எங்கள் பிள்ளையாருக்கு எட்டுப் பட்டை.

பிறகு உள்ளே போனோம். கொடித்தம்பம், பலிபீடம், மூஷிகம், தம்ப மண்டபம், மகாமண்டபம், அர்த்தமண்டபம், மூலஸ்தானம். மூலஸ்தானத்தின் வடக்குச் சுவரில் அபிஷேக நீர் வெளியேறும் துவாரம் கோமுகை. அதிட்டானத்தில் பட்டை பட்டையாக ஓடும் வரிகளுக்கும் பெயர் இருந்தது: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. குமுதம் என்றால் இந்தியாவிலிருந்து வரும் புத்தகம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்; அதைப் பலகாரக் கடையில் சுற்றித் தருவார்கள். தூணை ஸ்தபதிமார் ‘கால்’ என்பார்கள் என்று ரீச்சர் சொன்னதும் ஆயிரங்கால் மண்டபம் என்ற பெயர் எல்லோருக்கும் விளங்கியது. அந்தக் காலின் உச்சியில், விட்டத்தைத் தாங்கிக் கை நீட்டிக்கொண்டிருப்பது போதிகை.

அடுத்த வெள்ளி தேவாலயம். வகுப்பில் பாதிப்பேர் கிறிஸ்தவப் பிள்ளைகள். போன வாரம் வாய் திறக்காதவர்கள் இந்த வாரம் ரீச்சரை முந்திக்கொண்டு சொன்னார்கள்: பிரசங்கபீடம், ஞானஸ்நானத் தொட்டி, மணிக்கோபுரம். மாதா கோயிலில் நற்கருணைப் பேழை. கொப்பியில் இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது. பலிபீடம் இரண்டு பக்கத்திலும் இருந்தது. கோயிலில் அது கொடித்தம்பத்தடியில், சுவாமியைப் பார்க்குமுன் வணங்கும் சிறு பீடம். தேவாலயத்தில் அதுவே நடு இடம். கொடியேற்றம் இரண்டிலும் உண்டு. சைவருக்குப் பிரகாரம் என்றால் கோயிலைச் சுற்றியுள்ள வீதி. கத்தோலிக்கருக்குச் சுற்றுப்பிரகாரம் என்றால் சொரூபத்தை எழுந்தருளச் செய்து போகும் ஊர்வலம். ஒரே சொல், ஒன்று இடத்துக்கு, மற்றது நடைக்கு. யாழ்ப்பாண நகரத்துக் கத்தோலிக்கப் பேராலயத்தை ஊரில் ஒருவரும் பேராலயம் என்பதில்லை. அது பெரிய கோயில். பஸ் கொண்டக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

எங்கள் கல்லூரியின் முன்மண்டபத் தூண்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது. கிரேக்கத் தூண்களில் டோரிக், அயனிக், கொரிந்தியன் என்று மூன்று வகை. உரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டிலேயே இதற்கு விளக்கம் எழுதிவைத்தார். டோரிக் தூண் ஆணின் அளவு. பாதத்தைப் போல் ஆறு மடங்கு உயரம். அயனிக் தூண் பெண்ணின் அளவு. அதன் உச்சியில் உள்ள சுருள்கள் அவளுடைய கூந்தற் சுருள், உடலில் ஓடும் வரிகள் உடையின் மடிப்பு. எங்கள் தூண்களோ மொட்டையான டோரிக். “பொம்பிளைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்துக்கு ஆம்பிளைத் தூணை வைச்சிருக்கினம்” என்றார் ரீச்சர். அந்தத் தூண்கள் இப்போதும் நிற்கின்றன. வெளியே போகும்போது பாருங்கள்.

கொப்பியில் ஒரு பக்கம் நாங்கள் பார்க்காமலே வரைந்தது. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் அது. 1706இல் கட்டியது. நான்கு கைகளும் ஒரே நீளமான சிலுவை வடிவம், தரையில் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். கோட்டையில் அப்போது இராணுவம் இருந்தது, போக முடியாது. தான் மாணவியாக இருந்தபோது பார்த்ததை நினைவிலிருந்து கரும்பலகையில் ரீச்சர் வரைந்தார், நாங்கள் பார்த்து வரைந்தோம். “பிறகு ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்” என்றார். யூனில் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கி செப்ரெம்பர் வரை நடந்தது. அந்தத் தேவாலயம் அதில் அழிந்துபோனது.

இன்னொரு பக்கம் பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

பத்து வருடம் கழித்து எங்களில் சிலர் மருத்துவபீடத்தில் உடற்கூற்று மண்டபத்தில் நின்றோம். உடற்கூற்றுச் சொற்கள் எல்லாம் இலத்தீன், எல்லோருக்கும் பயம். எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. மனித உடலுக்குள் கட்டடங்களைத் தேடும் பழக்கம் ரீச்சரால் வந்திருந்தது. இதயத்தின் மேலறைக்கு ஆங்கிலத்தில் ஏட்ரியம். பழைய உரோமர் வீட்டில் நடுவில் கூரை திறந்திருக்கும் கூடத்துக்கு அதே பெயர். அதாவது எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டு நடுமுற்றம். நாலு பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்தும் மழைத்தண்ணி வந்து விழும் முற்றத்தையும், உடம்பின் எல்லாப் பக்கத்து இரத்தமும் வந்து விழும் அறையையும் ஒருமுறை சேர்த்து நினைத்தவர் பிறகு மறக்கமாட்டார். பள்ளிக்கூட உயிரியலில் நாம் படித்த ‘சோணையறை’ காதுச் சோணையிலிருந்து வந்தது. அதுவும் நல்ல சொல்தான், ஆனால் அதில் மழை பெய்வதில்லை. உட்காதில் வெஸ்ரிபியூல் என்பது தலைவாசல். அதற்குப் பக்கத்தில் இரண்டு யன்னல்கள், ஒன்று முட்டை வடிவம், ஒன்று வட்டம். ஈரலுக்கு ஒரு வாசல் உண்டு. மூளைக்குள் ஃபோர்னிக்ஸ் என்ற வளைவும், தலமஸ் என்ற உள்ளறையும்.

ஆக, எங்கள் ஸ்தபதிமார் உடம்பிலிருந்து சொல் எடுத்துக் கோயிலுக்கு வைத்தார்கள். மேலைநாட்டு வைத்தியர்கள் வீட்டிலிருந்து சொல் எடுத்து உடம்புக்கு வைத்தார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே தேவைதான்: பெரிய ஒன்றைப் பிரித்துப் பார்த்து, எந்த இடத்தில் பழுது என்று சுட்டிக்காட்ட வேண்டும். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று உடற்கூற்று நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ச் சொல் தேடி அவரும் அவரது மாணவர்களும் பட்ட பாடு சிறியதல்ல. ‘இடுப்புக்குக் கிட்ட ஏதோ நோகுது’ என்று எழுதி ஒரு சத்திரசிகிச்சையும் செய்ய முடியாது.

இனி ரீச்சரிடம் வருகிறோம். அவரது அனுமதியோடும் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெறாமகளின் அனுமதியோடும்தான் இதைச் சொல்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ரீச்சருக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கை பலமிழந்தது. சொல்வது எல்லாம் விளங்கும். பேச்சின் ஓட்டமும் ஓரளவு இருந்தது. பெயர்ச்சொற்கள்தான் வரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டி, “அது… அந்த… குடிக்கிறது” என்பார். பிறகு அழுவார். சொல்லை வைத்தே வாழ்ந்த மனுசி.

பேச்சுச் சிகிச்சையில் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பது வழக்கம். போஸ்டன் பெயரிடற் சோதனை என்று ஒன்று உண்டு. 1983இல் அமெரிக்காவில் வெளிவந்தது, அறுபது கோட்டுப் படங்கள். கட்டில், மரம் என்று இலகுவாகத் தொடங்கிப் போகப்போகக் கடினமாகும். இடையில் எஸ்கிமோவரின் பனிவீடு வரும், எகிப்தின் ஸ்பிங்ஸ் வரும். கைதடியிலும் கரவெட்டியிலும் வாழ்ந்த ஒரு தாய் பனிவீட்டின் பெயர் சொல்லவில்லை என்றால் அது மூளையின் பழுதா, படத்தின் பழுதா? இப்படிப்பட்ட படங்களில் ரீச்சரின் புள்ளி மிகக் குறைவாக வந்தது. எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அப்போதுதான் கொப்பி நினைவுக்கு வந்தது. எங்கள் முப்பத்தாறு கொப்பிகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்த இரவில், எங்களில் ஒருத்தி அதைப் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு ஒரே பையில் வைத்துக் கொண்டுபோனாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இன்று ரொறன்ரோவில் இருக்கிறாள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள். நாங்கள் அவற்றைப் பெரிதாக அச்சடித்து, பேச்சுச் சிகிச்சையாளரிடம் கொடுத்தோம்.

முதல் நாள் நடந்ததை உள்ளபடி சொல்லவேண்டும். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் ஒரு பாகத்தைத் தொட்டுக் கேட்டால் பெயர் வரவில்லை. ஆனால் கொடித்தம்பத்திலிருந்து தொடங்கி, விரலைப் படத்தில் நடத்திக்கொண்டு போனால், பலிபீடம், மூஷிகம், தம்ப மண்டபம் என்று மூலஸ்தானம் வரை தடங்காமல் வந்தது. பலமுறை சொல்லிப் பழகிய வரிசை மூளையில் வேறு வழியாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவது போல. நோயாளிக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று அதை வைத்து நினைக்கக்கூடாது. ஆனாலும் அன்று அவர் அழவில்லை. அடுத்த கிழமை இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். பிறகு பின்னிருந்து முன்னாகக் கேட்டோம். மூன்றாம் மாதத்தில் தனித்தனியாகக் காட்டிய பதினெட்டுப் பாகங்களில் பதினொன்றுக்குப் பெயர் வந்தது. கோப்பைக்கு இன்னும் வரவில்லை. போதிகைக்கு வந்துவிட்டது.

ஒருநாள் விமானத்தின் கண்டத்தைத் தொட்டுக் காட்டியபோது அவர், “கழுத்து” என்றார். சிகிச்சையாளர் இளம் பிள்ளை, கெட்டிக்காரி. இந்த நோயில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் வாயில் வருவது வழமை என்பதால் தாளில் பிழை போட்டாள். ரீச்சர் இடக்கையால் அந்தப் பிழையைத் தட்டினார். தன் கழுத்தைத் தொட்டார். படத்தைத் தொட்டார். மறுபடி தன் கழுத்தைத் தொட்டார். கோயில் வீதியில் எங்களுக்குச் செய்து காட்டிய அதே ட்றில். கண்டம் என்றால் கழுத்துத்தானே. பிழையை வெட்டிச் சரி போட்டோம்.

இப்போது முன்வீதிப் பிள்ளையார் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கிருக்கும் பலர் அதற்குக் காசு அனுப்பியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் கருங்கல் இல்லை. நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். சங்கானையில் இடிந்து நிற்கும் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயம் முருகைக்கல். நல்லூரில் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தபின், 1734இல் மீண்டும் எழுந்தது கல்லும் செங்கல்லும் வைத்துக் கிடுகு வேய்ந்த ஒரு சிறு கட்டடமாகத்தான். அங்கே தெற்கு வாசலில் ஒன்பது நிலைக் கோபுரம் வந்தது 2011இல். போருக்குப் பிறகு ஊருக்கு ஊர் கோபுரம் எழும்புவது சந்தோசம். ஆனால் கோபுரம் என்ற ஒரு சொல்தான் எல்லோருக்கும் தெரிகிறது, அதற்குத்தான் காசும் வருகிறது. எங்கள் பிள்ளையார் கோயில் திருப்பணியில் மூலஸ்தானத்தைச் சுற்றி நிலத்தை ஒரு முழம் உயர்த்தி ரைல்ஸ் பதிக்க இருந்தார்கள். மழை வெள்ளம் நிற்காது, கூட்ட வசதி, காரணம் நியாயமானது. நாங்கள் போய், “அதிட்டானம் புதைஞ்சு போகுமே, குமுதம் வரைக்கும் மூடிப்போடும்” என்றோம். சபைப் பெரியவர் ஒருவர், “அந்த அடிக்கட்டு வரியளோ பிள்ளை? அதாலை என்ன?” என்றார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஸ்தபதி அந்தச் சொல்லைக் கேட்டதும் வேலையை விட்டுவிட்டு எழும்பி வந்தார். இந்த ஊரில் ஒருவரும் தன்னிடம் குமுதம் என்ற சொல்லைச் சொன்னதில்லை என்றார். அரைமணி நேரம் கதைத்து, சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு நிலத்தைத் தாழ்வாகவே விட்டு, கோமுகைத் தண்ணீர் ஓட வழியும் வைத்து, மிச்சத்துக்கு ரைல்ஸ் போடுவதென்று முடிவானது. முழுவதும் எங்கள் விருப்பப்படி நடக்கவில்லை. தெற்குப் பக்கத்தில் பட்டிகை வரை ஏற்கெனவே மூடியாகிவிட்டது.

ரீச்சரை அங்கே சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் தெற்குப் பக்கத்தைப் பார்த்து, எவ்வித தடங்கலுமின்றி ஒரு சொல் சொன்னார். அதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

கடைசியாக, பாதியில் நிற்கும் அந்தப் பக்கம். எங்கள் வகுப்பில் சோனகத் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். பள்ளிவாசல் பக்கத்தை அவள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலுக்குள் எங்கள் வகுப்பு போகவில்லை. அவள் வாயால் சொல்ல, கரும்பலகையில் ரீச்சர் வரைந்தார். மக்கத்துத் திசையைக் காட்டும் சுவர்மாடம் மிஹ்ராப். அதற்குப் பக்கத்தில் படிகளோடு மிம்பர். உயர்ந்து நிற்பது மினாரா. அடுத்த கிழமை மிச்சம் சொல்வதாக இருந்தாள். பிறகு சண்டை, கல்லூரி பூட்டு, திறப்பு, மறுபடி பூட்டு. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் ஆட்கள். அவளுடைய கதிரை காலியாக இருந்ததை நாங்கள் பார்த்தோம். பதினொரு வயது. ஒருவரும் எழும்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, அதே திகதியில், நாங்களும் பை தூக்கிக்கொண்டு நடந்தோம்.

இந்த மலருக்காகக் கொப்பியைத் தட்டச்சு செய்யும்போது அவளைத் தேடினோம். புத்தளத்தில் இருக்கிறாள், பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் குரற்பதிவு ஒன்று வந்தது. “கொப்பியிலை ஹவுழை எழுத விட்டிட்டியளடி. தொழமுந்தி கை கால் கழுவுற தண்ணித் தொட்டி. எங்கடை பள்ளிவாசல் ஹவுழுக்குள்ளை மீன் விட்டிருந்தது. இப்பவும் இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

நாங்கள் இன்னும் போகவில்லை. இவ்வளவு கிட்ட இருந்தும் முப்பத்தைந்து வருடமாகப் போகவில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தாரோடு கதைத்து அனுமதி எடுத்திருக்கிறோம். அவள் இன்று இரவு பஸ் ஏறுகிறாள். ரீச்சரும் வருவார், வானில் சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிறது. நாளைக்குக் காலை பத்து மணிக்கு, வரக்கூடியவர்கள் அந்த டோரிக் தூண்களுக்குக் கீழே வந்து நில்லுங்கள். கொப்பியும் பென்சிலும் கொண்டுவாருங்கள்.